அறிவியல் அறிஞர் எர்வின் ஷ்ரோடிங்கர்

அணுவின் இயல்பை ஆராய்ந்த அறிஞர்களுள், உணர்வு என்பது யாது என்னும் வினாவையும் வாழ்நாள் முழுதும் விடாது பற்றியிருந்தவர் எர்வின் ஷ்ரோடிங்கர். அவர் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். ஷோப்பன்ஹவரின் நூல்கள் வழியே உபநிடதக் கருத்துகளில் ஈடுபட்டார். எவ்வுடலில் விளங்கினும் உணர்வு ஒன்றே என்பதை 1925இலேயே கட்டுரையாக எழுதினார்.

மறு ஆண்டு, சூரிச் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, எலெக்ட்ரானின் அலை இயல்பை விளக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். 1933இல் டிராக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாண்டே நாஜி ஆட்சியை வெறுத்துப் பெர்லினை விட்டு நீங்கினார். ஆயினும் 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியின் வசமானபோது, அவ்வாட்சியை ஏற்பதாக ஒரு மடல் வெளியிட்டார். அதன்பின்பும் பதவி பறிபோயிற்று. அம்மடல் குறித்துப் பின்னர் ஐன்ஸ்டைனுக்கு வருந்தி எழுதினார். டப்ளின் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கு உயிரைப் பற்றி 1943இல் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு நூலாக வெளிவந்தன.

குவாண்டம் இயற்பியல் ஆன்மாவை மெய்ப்பித்துவிட்டது என்பாரும் உளர். ஷ்ரோடிங்கர் அவ்வாறு கூறினாரல்லர். அவர்தம் உணர்வுக் கொள்கை சமன்பாட்டுக்கு முற்பட்டது. அணுநிகழ்ச்சிகளின் நிச்சயமின்மையைக் கொண்டு மனிதனின் விருப்பச் சுதந்திரத்தை விளக்குவதையும் அவர் மறுத்தார்.

உயிர்கள் எண்ணிறந்தன எனக் கொள்ளும் நமக்கு, உணர்வு ஒன்றே என்னும் அவர் முடிபு உடன்பாடன்று. ஆயினும், நெருக்கடியில் ஒருமுறை வாய்மை தவறி வருந்திய அவர், தம் நம்பிக்கைக்குத் தம் சமன்பாட்டைச் சான்றாக நிறுத்தவில்லை. அந்நேர்மை போற்றத்தக்கது. 1961 ஜனவரி 4ஆம் நாள் வியன்னாவிலேயே அவர் மறைந்தார்.