முத்தும் மிளகும் புனித சவேரியாரும்

புனித சவேரியாரின் புதுமைகளைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அவர் ஏறிவந்த கப்பலை யார், எந்தப் பணத்தில், எதற்காக ஓட்டினார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் விசுவாசத்திற்குக் குறைவு வந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது என்பது நமது எண்ணம்.

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டில் பிறந்தவர் சவேரியார். பாரீஸ் கல்வி, இஞ்ஞாசியாரின் நட்பு, சேசு சபையின் தோற்றம் ஆகியவை பலரும் அறிந்தவையே. 1541-இல் லிஸ்பன் நகரை விட்டுப் புறப்பட்டு, ஓராண்டுக்கும் மேலான பயணத்திற்குப் பின் 1542 மே 6-இல் கோவா சேர்ந்தார். அந்நாளில் கீழ்த்திசை மறைபரப்பின் செலவைப் போர்த்துக்கல் மன்னர் ஏற்றிருந்தார். ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் பாப்பரசர் அவருக்கு அளித்திருந்தார். இந்த ஏற்பாட்டுக்குப் பதுருவாதோ என்று பெயர். மிளகிலும் கிராம்பிலும் லாபம் இருந்ததால் கப்பல் வந்தது. கப்பல் வந்ததால் குருவும் வந்தார். மலாக்காவிற்கு இஸ்லாம் சென்றதும் பெரும்பாலும் வணிகர் வழியாகவே அன்றோ!

முத்துக்குளித்துறைப் பரதவ மக்களின் மனமாற்றமும் வாணிபத்தோடு பிணைந்ததே. முத்துக்குளிக்கும் உரிமை குறித்துக் கடற்கரையில் ஆதிக்கம் பெற்றிருந்த முஸ்லிம் வணிகரோடு பெரும் பூசல் மூண்டபோது, அம்மக்கள் கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டனர். 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். பின்னர் அவர்களுக்கு மறைக்கல்வி அளிக்க ஆள் இல்லை. சவேரியார் 1542-இல் வந்தபோது, கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதவர்களாகவே அவர்களைக் கண்டார். இருமொழி அறிந்தோரை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

உபதேசியார்களுக்கு ஊதியம் வேண்டுமே! முத்துக்குளிப்பு வருமானத்தில் ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களுக்கு விட்டுத்தர வேண்டுமென்று அரசிக்கு எழுதினார். இக்கரையின் கிறிஸ்தவக் குழந்தைகளே அவரை விண்ணகம் ஏற்றிச்செல்லும் காலணிகள் என்றும் நயமாகக் குறிப்பிட்டார். கத்தரீனா அரசியும் இணங்கினார்.

அதே முத்துப்பணம் தீமையும் செய்தது. அதிகாரிகளின் பேராசையைக் கண்டு மனம் நொந்த சவேரியார் மன்னருக்கே கடுமையாக எழுதினார். கிறிஸ்தவரின் நடத்தையே கிறிஸ்துவுக்குத் தடையாக நின்றதை அவரைப்போல் வெளிப்படையாகச் சொன்னவர் அக்காலத்தில் சிலரே.

அப்படியானால் நம் முன்னோர் முத்துக்காகத்தான் திருமறையில் சேர்ந்தார்களா? இக்கேள்வியை நம்மிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு போயிற்று. கத்தோலிக்கராய் இருப்பதால் இனி எந்த லாபமும் இல்லை, நட்டம் உண்டு. புதிய எசமானரின் சபைக்கு மாறுவதே அப்போது ஆதாயம். அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் மாறவில்லை. கணக்குப் பார்த்துச் சேர்ந்தார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

மலாக்காவிலும் மொலுக்காஸ் தீவுகளிலும் உழைத்தபின், 1549 ஆகஸ்ட் 15-இல் சவேரியார் ஜப்பானில் கரையிறங்கினார். அப்பயணத்திற்கென மலாக்காத் தளபதி பேதுரு த சில்வா 30 பாரம் மிளகு கொடுத்தனுப்பினார். இவர் வாஸ்கோ ட காமாவின் மகன். ஜப்பானிலிருந்து எழுதிய கடிதத்தில், சக்காய் துறைமுகத்தில் எச்சரக்கு விலைபோகும் என்பதையும், மிளகை 80 பாரத்துக்கு மேல் ஏற்றாமல் கொண்டுவந்தால் நல்ல விலை கிடைக்கும் என்பதையும் புனிதர் விளக்கியிருக்கிறார்! வணிகனுக்கு லாபம் தெரிந்தால்தான் குருக்களை ஏற்றிவரும் கப்பல் அங்கு வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1551-இல் ஏழைக்கோலத்தில் தலைநகர் மியாக்கோவுக்கு நடந்துசென்றவருக்குப் பேரரசரைக் காணும் வாய்ப்பே கிடைக்கவில்லை. எனவே யமாகுச்சிப் பிரபுவிடம் நல்லாடை உடுத்தி, மணியடிக்கும் கடிகாரம், துப்பாக்கி முதலிய காணிக்கைகளோடு தூதுவராகச் சென்றார். போதிக்க அனுமதியும், தங்க ஒரு வெற்று மடமும் கிடைத்தன. ஏழ்மை விரதம் பூண்டவர் பட்டு உடுத்தலாமா என்று குறைகூறுவோர், அதே மனிதர் கந்தலோடு பனியில் நடந்ததையும் நினைக்க வேண்டும்.

அடுத்தது சீனா. வணிகர் தியோகு பெரைரா தம் செல்வத்தைச் செலவிட்டுத் தூதுக்குழு ஒன்றை ஆயத்தம் செய்தார். 1552-இல் மலாக்காவில் அதைத் தடுத்தவர் ஆல்வரோ. அவரும் வாஸ்கோ ட காமாவின் மகனே! ஒரு மகன் தந்த மிளகால் ஜப்பான் திறந்தது; மற்றவரின் பொறாமையால் தூதுக்குழு கலைந்தது. பெரைராவை விட்டுவிட்டு, அவருடைய சாந்தா குரூஸ் கப்பலிலேயே சவேரியார் சான்சியான் தீவு சேர்ந்தார். அயலார் நுழையத் தடையிருந்த காண்டன் நகருக்குள் இரகசியமாகக் கொண்டுவிட ஒரு சீன வணிகர் ஒப்புக்கொண்டார். கூலி 200 குரூசாதோ பெறுமான மிளகு. குறித்த நாள் கடந்தும் அவர் வரவில்லை. காய்ச்சலில் விழுந்த சவேரியார், சீன இளைஞர் அந்தோனி அருகிலிருக்க, டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 46.

சுண்ணாம்பிட்டுப் புதைத்த அவருடைய உடலை 1553-இல் தோண்டியெடுத்து மலாக்காவிற்குக் கொண்டுவந்ததும் அதே சாந்தா குரூஸ் கப்பல்தான். அங்கே அதை வரவேற்க முன்நின்றவர் தியோகு பெரைரா.