மகிழ்ச்சிச் சங்கம் கண்ட மாணவன்

புனித தொன் பொஸ்கோவின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பு அங்கி, சுருண்ட தலைமயிர், இரு மருங்கிலும் சிறுவர்கள். ஞானோபதேச வகுப்பில் அவரது சரித்திரத்தைக் கேட்டவர்களுக்கு, ஒன்பது வயதில் அவர் கண்ட கனவும் நினைவில் இருக்கும். ஆனால் குருவாவதற்கு முன்பே, தாம் பாடசாலை வாங்கில் இருந்த காலத்திலேயே, தம்மையொத்த மாணவருக்காக அவர் ஒரு சங்கத்தை அமைத்து நடத்தினார் என்பதைப் பலர் அறியார். பின்னாளில் அவர் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் கிடந்தது என்பது எனது எண்ணம். ஆகையால் இம்முறை அந்தப் பகுதியிலேயே சற்று நின்று பார்ப்போம்.

யோவான் பொஸ்கோ 1815ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16இல், வட இத்தாலியின் பியெட்மொந்து நாட்டிலே, கஸ்தெல்நுவோவுக்கு அண்மையிலுள்ள பெக்கி என்னும் குக்கிராமத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையார் நிமோனியாக் காய்ச்சலில் மாண்டார். தாய் மார்கரீத்தாவுக்கு எழுத்து வாசனை இல்லை. அவரது கையில் ஒரு சிறு நிலமும், மூத்த தாரத்து மகன் அந்தோனியோவும், தம் வயிற்றிற் பிறந்த யோசேப்பும் யோவானும், வயது முதிர்ந்த மாமியாரும் எஞ்சினர். அந்தோனியோவுக்குப் புத்தகம் என்றால் பிடியாது. மண்வெட்டி பிடிக்க வேண்டிய கை புத்தகம் பிடிப்பதா என்று தம்பியோடு ஓயாத சண்டை. வீட்டில் சமாதானம் வேண்டி, 1828ஆம் ஆண்டு மாசிக் குளிரிலே, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயே வேலை தேடிப் போகும்படி அனுப்ப வேண்டி வந்தது. பிள்ளை பெற்றவர்களே, அந்தத் தாயின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் மோலியா என்னும் குடும்பத்தாரின் பண்ணையில் யோவான் மாடு மேய்த்தான். பிறகு கலோசோ என்ற முதிய குரு அவனுக்கு இலத்தீன் கற்பிக்கத் தொடங்கினார். அவரும் 1830இல் இறந்து போனார். ஒவ்வொரு கதவும் திறந்த மாதிரித் திறந்து மூடிக் கொண்டது.

இப்படியாக, 1831ஆம் ஆண்டு நவெம்பரில் கியேரி நகரத்துப் பாடசாலைக்கு அவன் வந்து சேர்ந்தபோது வயது பதினாறு. படிப்புப் போதாது என்று சிறு பிள்ளைகளோடு இருத்தினார்கள். வளர்ந்த வாலிபன் சின்னஞ்சிறு பையன்கள் மத்தியில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். லூசியா மத்தா என்னும் விதவைத் தாயின் வீட்டில் தங்கி, அவருடைய மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாடகையைக் கழித்தான். பின்னர் ஒரு கோப்பிக் கடையில் இரவில் பில்லியாட் ஆட்டத்தின் கணக்குப் பார்த்து, ஓர் இடுக்கில் படுத்து எழும்பினான். கோப்பி காய்ச்சவும், மிட்டாய் வகைகளும் ஐஸ்கிறீமும் செய்யவும் அங்கேதான் பழகினான்.

சங்கம் எப்படி உண்டாயிற்று என்பதைக் கேளுங்கள். பெரும் இலட்சியத்தோடு ஒன்றும் அது தொடங்கவில்லை. வகுப்பிலே சில முரட்டு மாணவர் இருந்தனர். இவனைத் தங்கள் கூட்டத்துக்கு இழுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அவர்களுக்கு வீட்டுப்பாடம் செய்ய இயலாது. யோவான் தான் எழுதியதைக் கொடுத்தான். அவர்கள் பார்த்து எழுதினார்கள். ஆசிரியர் கண்டுபிடித்துத் தடுத்தார். தடுத்தது நியாயந்தான், அது சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த தீனியல்லவா? அதன்பின் அவன் விடையைக் கொடுக்காமல், விளங்காத இடத்தை விளக்கிக் கொடுக்கலானான். பாடசாலை விட்டதும் பையன்கள் அவனைத் தேடி வந்தனர். முதலில் பாடத்துக்காக, பிறகு விளையாட்டுக்காக, பிறகு அவன் சொல்லும் கதைக்காக. 1832இல் இந்தக் கூட்டத்துக்கு மகிழ்ச்சிச் சங்கம் என்று பெயரிட்டார்கள்.

பெயர் வீண் பெயரல்ல. அங்கத்தவர் ஒவ்வொருவரும் மற்றவரை மகிழ்விக்கக் கூடிய புத்தகமோ, விளையாட்டோ, பேச்சோ தேடிக்கொண்டு வரவேண்டும். மனத்தில் துயரத்தை விளைவிக்கும் எதுவும், விசேடமாகத் தேவ கட்டளைக்கு மாறான எதுவும், உள்ளே வரக்கூடாது. தேவ தூஷணம் சொல்பவனுக்கும் அசிங்கம் பேசுபவனுக்கும் இடமில்லை. விதிகள் இரண்டே. கிறிஸ்தவனுக்குத் தகாத சொல்லும் செயலும் தவிர்க்க வேண்டும். பாடசாலைக் கடமையையும் சமயக் கடமையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கிழமை நாட்களில் யாராவது ஓர் அங்கத்தவரின் வீட்டில் கூடினார்கள். அவ்வீட்டாருக்கு எவ்வளவு இரைச்சலாக இருந்திருக்கும்! ஞாயிறு, திருநாட்களில் சேசு சபையாரின் அந்தோனியார் கோவிலுக்கு ஞானோபதேசம் கேட்கப் போனார்கள். ஒருவரின் குறையை மற்றவர் நட்போடு சுட்டிக்காட்டவும் அங்கே வழக்கம் இருந்தது. பெரியவர் யாரும் மேற்பார்வைக்கு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளே தலைவர்கள், பிள்ளைகளே தொண்டர்கள்.

இந்தச் சங்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. கியேரிக்கு ஒரு கழைக்கூத்தாடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாகக் கோவில் வழிபாட்டு நேரத்திலேயே வித்தை காட்டத் தொடங்கினான். வாலிபர் எல்லோரும் அங்கே ஓடினர். சங்கத்துப் பையன்களும் ஆட்டங்கண்டனர். யோவான் திண்ணையிலிருந்து கண்டித்துப் பேசவில்லை. பெக்கியில் மாடு மேய்த்த காலத்திலேயே சந்தைகளில் வித்தைக்காரரைக் கூர்ந்து பார்த்து, இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி நடக்கவும், கையால் நடக்கவும் பழகியவன் அவன். அதைக் கிராமத்தாருக்குக் காட்டிவிட்டு, பார்வைக் கூலியாகச் செபமாலையும் காலையில் கேட்ட பிரசங்கத்தை மறுபடி கேட்பதையும் வாங்கியவன். ஆகவே கூத்தாடியை நேருக்கு நேர் போட்டிக்கு அழைத்தான்.

முதற் போட்டி ஓட்டம். பந்தயம் 20 லீரா. மாணவர் தமக்குள் காசு சேர்த்துக் கட்டினர். கூத்தாடியைச் சற்று முன்னே விட்டு, பின் தாண்டி ஓடி வென்றான் யோவான். இரண்டாவது, ஒரு வாய்க்காலைத் தாண்டும் பாய்ச்சல்; பந்தயம் 40. கூத்தாடி மறுகரைச் சுவரின் அடிமட்டும் பாய்ந்தான். அதற்கப்பால் பாய இடமில்லை. யோவானோ பாய்ந்து, அந்தச் சுவரிலேயே கையை ஊன்றிச் சுவருக்கும் அப்பால் விழுந்தான். மூன்றாவது மந்திரக்கோல், பந்தயம் 80. கோலின் நுனியில் தொப்பியை மாட்டி, விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், நாடி, மூக்கு, நெற்றி என்று நடத்திக் கொண்டு வரவேண்டும். கூத்தாடியும் வல்லவனே, ஆனால் அவனுடைய மூக்கு சிறிது நீளம். கோல் அதிலே தட்டித் தடுமாற, கையால் பிடிக்க வேண்டியதாயிற்று. கடைசியாக ஓர் எல்ம் மரம்; 100 லீரா. இதற்குமேல் ஏறினால் கொப்பு முறியும் என்ற இடம் வரை கூத்தாடி ஏறி இறங்கினான். யோவான் அதே இடத்துக்கு ஏறி, கொப்பைக் கையால் பற்றித் தலைகீழாக நின்று, கால்களை மர உச்சிக்கும் மேலே நீட்டினான்!

ஆக 240 லீரா. பாவம், அந்த மனிதனின் கையிருப்பெல்லாம் அதுதான். இங்கேதான் இந்தக் கதையின் அழகு இருக்கிறது. தோற்றவனை அழித்துவிட்டுக் கைகொட்டிச் சிரிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சங்கத்தார் எல்லோருக்கும் ஒரு விருந்து கொடுத்தால் போதும் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். அன்று விருந்துண்டவர் இருபத்திரண்டு பேர் என்று, தொன் பொஸ்கோவே பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் விருப்பப்படி எழுதிய நினைவுக் குறிப்பில் காண்கிறோம்.

வித்தை காட்டும் பையனைப் பற்றி ஊரிலே வேறு பேச்சும் எழுந்தது. பேய் பிசாசின் துணையோ என்று சிலர் சந்தேகித்தனர். கனோன் பூர்சியோ என்னும் குரு அவனை அழைத்து விசாரித்தார். விசாரணைக்கு நடுவே அவருடைய பணப்பையும் மணிக்கூடும் காணாமற் போயின. இரண்டும் விளக்கின் மூடிக்குக் கீழே இருந்து வெளிப்பட்டன! பிறகு அந்தக் கைத்திறன் எப்படி என்று யோவானே விளக்கிக் காட்ட, கனோன் சிரித்து, பரிசும் கொடுத்தனுப்பினார். விசாரிக்க வந்த குருவானவருக்கும் நகைச்சுவை இருந்தது நல்லதாயிற்று.

1835இல் குருமடம் புகுந்து, 1841 யூன் 5இல் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். அவருடைய ஆன்ம வழிகாட்டியான கஃபாசோ சுவாமி அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் அங்கே பூச்சி கடித்துக் கிடந்தனர். விடுதலையானவர்கள் சில நாளில் மறுபடி உள்ளே வந்தனர். வெளியிலே அவர்களைத் தேடுவார் ஒருவரும் இல்லாததே காரணம் என்று கண்டார். அதே ஆண்டு டிசெம்பர் 8இல், கோவில் சங்கிறித்தார் அடித்துத் துரத்திய ஓர் அநாதைக் கொத்தனார்ப் பையனைத் திருப்பி அழைத்தார். பேர் பர்த்தொலோமேயு கரெல்லி. வாசிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது, பாடத் தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையனின் முகம் மலர்ந்தது. மகிழ்ச்சிச் சங்கத்துத் தலைவன் அந்தக் கேள்வியில் அப்படியே நிற்கிறான், பார்த்தீர்களா?

ஒருவன் பலரானான், பலர் நூறாயினர். கூட்டம் எங்கே போனாலும் இரைச்சல். இரைச்சல் எங்கேயோ அங்கே முறைப்பாடு. கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், மாவாலைகளின் முற்றம், வாடகை வீடு, வெறும் புல்வெளி என்று ஒவ்வோரிடத்திலிருந்தும் துரத்தப்பட்டனர். நகரப் பொலிசுக்குப் பொறுப்பான கவூர் பிரபு, அரசியற் கலகம் உருவாகிறதோ என்று அஞ்சிக் காவலரை அனுப்பினார். உடன்குருமாரே இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று தீர்மானித்து, இருவர் மூடு வண்டியோடு வந்து உலாப் போக அழைத்தனர். தொன் பொஸ்கோ மரியாதையாக அவர்களை முதலில் ஏறவிட்டுக் கதவைச் சாத்தி, பைத்தியசாலைக்கு ஓட்டும்படி வண்டிக்காரனுக்குச் சொல்லிவிட்டார்!

1846ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் வல்தொக்கோவில் பினார்தி என்பவரின் கொட்டில் கிடைத்தது. கூரை தாழ்வு, நிமிர்ந்து நிற்கத் தரையைத் தோண்ட வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே நோயுற்று மரணத்தின் வாசல் வரை போய் மீண்டார். நவெம்பரில் தாய் மார்கரீத்தா, ஐம்பத்தெட்டு வயதில், பெக்கியை விட்டு மகனோடு நடந்தே வந்து அந்தக் கொட்டிலின் அருகே குடியேறினார். பிள்ளைகள் அவருடைய மரக்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கிய ஒரு நாளில் மனம் சலித்து, ஊருக்குப் போய்விடுகிறேன் என்றார். மகன் பதில் சொல்லாமல் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார். அந்தத் தாய் 1856இல் இறக்கும்வரை மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேலை முடிந்த பின் மாலையில் வாசிப்பும் எழுத்தும் கணக்கும் கற்பித்தார். 1850இல் அந்நாட்டில் மீற்றர், கிலோ அளவைகள் கட்டாயமாக வர இருந்தபோது, ஏழைத் தொழிலாளர் புதிய அளவையில் ஏமாறக் கூடாதென்று முன்கூட்டியே ஒரு சிறு கணக்குப் புத்தகம் எழுதினார். அதையே நகைச்சுவை உரையாடலாக்கிப் பையன்களைக் கொண்டு மேடையேற்றினார். எசமானரோடு தொழில் பழகும் பிள்ளைகளுக்காக எழுத்தில் உடன்படிக்கை செய்தார். பழகும் தொழிலைத் தவிர வேறு வேலை வாங்கக் கூடாது, அடிக்கக் கூடாது, திருநாட்களில் ஓய்வு கொடுக்க வேண்டும். 1850களின் ஆரம்பத்து உடன்படிக்கைகள் சில இன்றும் காக்கப்பட்டிருக்கின்றன.

1854இல் பன்னிரண்டு வயதான சாமிநாதர் சாவியோ வந்து சேர்ந்தான். புனிதனாக வேண்டுமென்று கடுந்தவம் செய்ய முனைந்தவனை, தொன் பொஸ்கோ தடுத்து, படிப்பைச் செய்து விளையாட்டிலும் சேரும்படி சொன்னார். 1856 யூன் 8இல் அவனும் தோழரும் அமலோற்பவ மாதாவின் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினர். அங்கத்தவர் தமக்குள் பிரித்துக்கொண்டு, குழப்படிக்காரப் பையன்களையும் புதிதாய் வந்து தனித்து அழுபவர்களையும் தங்கள் பொறுப்பில் எடுத்தனர். மறு ஆண்டே சாவியோ பதினைந்து வயது நிரம்பாமல் இறந்தான். சங்கம் இறக்கவில்லை. 1859 டிசெம்பர் 18ஆம் திகதி இரவு, தொன் பொஸ்கோவின் அறையில் பதினெட்டுப் பேர் கூடிச் சலேசிய சபையை அமைத்தபோது, அவர்களுள் பலர் அந்தச் சங்கத்து வாலிபர்.

அவர்களுள் ஒருவர் மிக்கேல் ரூவா. 1888 ஜனவரி 31 விடியற்காலை தொன் பொஸ்கோ கண்மூடியபோது சபையின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. 1906இல் சலேசிய குருமார் முதன்முறையாக இந்தியாவுக்குக் கப்பலேறித் தமிழர் மத்தியில், தஞ்சாவூரில், வந்திறங்கியதும் அவருடைய காலத்திலேயே.