கணிப்பொறிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்

தேன்மொழி, 8, 72 என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது. தேன்மொழி என்னும் மாணவி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள், எழுபத்திரண்டு மதிப்பெண் பெற்றிருக்கிறாள் என்று நாம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்கிறோம். கணிப்பொறிக்கோ அவை வெறும் குறிகள். 72 என்பதுகூட அதற்கு எண் அன்று. ஏழு என்ற குறியும் இரண்டு என்ற குறியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவே. இன்று ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவர்கள், அந்த வரியைக் காற்புள்ளி கண்ட இடங்களில் துண்டாக்கி, பின்னிரண்டு துண்டுகளை எண்ணாக மாற்றி, ‘மாணவி’ என்ற ஒரே பொருளாக்கி வைக்கிறார்கள். மாணவி என்றால் பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகியவை உண்டு என்று முன்னதாகவே எழுதி வைத்திருந்தால்தான் இது நடக்கும். எழுத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் இவ்வழிக்குத் தொடக்கக் காலத்திலேயே பாடுபட்டவர், அமெரிக்கக் கணித ஆசிரியை கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் எப்படி அடிக்கிறது என்று அறிய ஒரு கடிகாரத்தைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. பூட்டும் வகையைக் காண இன்னொன்றைப் பிரித்தார். இப்படி ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்ததைத் தாயார் கண்டார். இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்றதோடு விட்டுவிட்டார்! நம் வீடுகளில் இவ்வளவு எளிதில் தப்ப முடியுமா என்பது ஐயமே.

வாசார் கல்லூரியில் சேர முதலில் விண்ணப்பித்தபோது, இலத்தீன் தேர்வில் மதிப்பெண் போதவில்லை என்று இடம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டே சேர்ந்தார். மொழிப் பாடத்தில் சறுக்கியவரே பின்னாளில் இயந்திரத்துக்கு மொழி வகுத்தார் என்பதை எண்ணும்போது நமக்குப் புன்னகை வருகிறது. 1928இல் பட்டம் பெற்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார், வாசாரிலேயே ஆசிரியையானார்.

இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1943இல் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர முன்வந்தார். எடை பதினைந்து பவுண்டு குறைவு. தனி அனுமதி பெற்றே சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே 51 அடி நீளமுள்ள மார்க் 1 என்னும் கணக்கிடும் இயந்திரம் இருந்தது. அதற்கு இடும் கட்டளைகள் யாவும் துளையிட்ட காகித நாடாவில் எண் வடிவில் செல்ல வேண்டும். முன்பு ஒரு கணக்குக்கு எழுதிய கட்டளைகளை நோட்டுப் புத்தகத்திலிருந்து பார்த்துப் பார்த்து நகல் எடுப்பார்கள். நகல் எடுக்கையில் ஓர் எண் பிசகினாலும் விடை பிழையாகும்.

1949இல் பிலடெல்பியாவில் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். நகல் எடுப்பதை இயந்திரமே செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கே வலுத்தது. 1952இல் தொகுப்பி என்னும் நிரல் இயங்கிற்று. கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று சொல்லி அதைத் தொடவே பலர் முன்வரவில்லை.

அதை எழுதும்போது ஒரு சிக்கல் எழுந்தது. நாடாவை ஒரே முறை படித்து முடிக்க வேண்டும். ஆனால் ஒரு கட்டளை, இன்னும் படிக்காத பகுதிக்குத் தாவச் சொன்னால், அந்த இடம் எங்கே என்று எப்படித் தெரியும்? கல்லூரியில் கூடைப்பந்து ஆடியது அம்மையாருக்குக் கை கொடுத்தது. அக்காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடி, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுபோலவே, நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கி, தாவலை அங்கே எறிந்து வைத்தார். உரிய பகுதி வந்ததும், தன் இருப்பிடத்தை அது அம்மூலையில் குறித்துவிடும். நம் பள்ளிக் கூடைப்பந்து அணியினர் இதைக் கவனிப்பார்களாக!

பிறகு அவர் இன்னும் துணிந்தார். கடைக் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்ப்பவர்களுக்குக் கணிதக் குறியீடுகள் ஒத்துவருவதில்லை. அவர்கள் சாதாரணச் சொற்களில் எழுதட்டும், இயந்திரம் படித்துக்கொள்ளட்டும் என்றார். மேலிடத்தார் நம்பவில்லை. ஆங்கிலச் சொற்களில் எழுதிய சிறு நிரலோடு, அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி இயக்கிக் காட்டினார். அவர்கள் நம்புவதற்குப் பதில் திகைத்துப்போனார்கள்; அமெரிக்கக் கணிப்பொறிக்கு அயல்மொழி எப்படித் தெரியும் என்பது அவர்கள் கலக்கம்! இயந்திரத்துக்கு எல்லா மொழியும் குறிகளே என்பதை விளக்க அவர் படாத பாடுபட்டார். இந்த உழைப்பில் பிறந்ததே ஃபுளோமாட்டிக் என்னும் மொழி. இதில் சொற்களைவிட வேறொன்றையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். தகவல் எத்தனை உறுப்பாக அமைந்திருக்கிறது, எது எழுத்து, எது எண் என்ற விவரத்தை ஓரிடத்திலும், அத்தகவலை வைத்துச் செய்ய வேண்டிய வேலையை வேறிடத்திலும் எழுதும் முறை அதில் அமைந்தது. 1959இல் ஒரு குழு கூடி கோபால் மொழியை வகுக்கத் தொடங்கியபோது அம்மையார் ஆலோசகராக இருந்தார். அப்பிரிவினை அதிலும் நிலைத்தது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு கணிப்பொறிகளில் ஓடிக் காட்டப்பட்டது.

1966இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவரை, மறு ஆண்டு ஆறு மாதத்துக்கென்று திரும்ப அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் ஏறத்தாழ இருபது ஆண்டாக நீண்டது! 1986இல் ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி 1ஆம் நாள் காலமானார்.

ஜாவா 1995இல்தான் வெளிவந்தது. அம்மையார் அதைக் காணவில்லை. அது அவர் மொழியின் நேர்வாரிசும் அன்று. எனினும் தேன்மொழியின் வரியைப் படிக்கும் ஜாவா நிரலும் முதலில் ‘மாணவி’யின் அமைப்பை எழுதி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குகிறது. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் யாரேனும் ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டாலோ, இதை எண்ணாக மாற்ற இயலாது என்று பிழை காட்டுகிறது. அதற்கு என்ன செய்வது என்பதை நிரல் எழுதுகிறவள்தான் முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்க வேண்டும்.