98 வார்த்தைக்கு 16 மணி நேரம்: 'மெதுவா அனுப்பு' மோர்ஸுக்கு வழிபோட்ட லார்டு கெல்வின் யார்?

சித்தூர், திருப்பதி பக்கம் இருக்கும் பாலசமுத்திரத்தில் ஒரு ஹாம் ரேடியோக்காரர் தன் அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் வி, யு என்றுதான் தொடங்கும். வழக்கமான மோர்ஸ் வேகத்தில் அந்த இரண்டு எழுத்துக்கு இரண்டு நொடி போதும். ஆனா ஒரு புள்ளியை 60 நொடி அழுத்திப் பிடித்து அனுப்பினால் 19 நிமிடம் ஆகும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் யு முடிந்திருக்காது.

இப்படி அனுப்பும் முறைக்கு க்யூ.ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். தந்திக்காரர்களின் சங்கேதத்தில் க்யூ.ஆர்.எஸ். என்றால் மெதுவாக அனுப்பு என்று அர்த்தம். கூட ஒரு எஸ் போட்டால், இன்னும் மெதுவாக. இன்டர்நெட் காலத்தில் யாருக்கு இது தேவை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஏன் இவ்வளவு மெதுவா?

2007-ல் நடந்த உலக ரேடியோ மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன இடத்தை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. எந்த நாட்டில் யாருக்கு உரிமம் என்பதை அந்தந்த அரசு முடிவு செய்யும். இந்த அலையின் நீளம் சுமார் 2,200 மீட்டர். அதில் கால்வாசி உயரத்துக்கு ஆன்டெனா கட்டினாலே 550 மீட்டர் வேண்டும். தென்னை மரத்துக்கு மரம் கம்பி இழுத்தால் அதில் எவ்வளவு வரும்? போடுகிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். வெளியே போகிற சக்திக்கும் வரம்பு உண்டு: ஒரு வாட். இதுக்கு மேல், எங்கோ இடிக்கிற இடியெல்லாம் இந்த அலைவரிசையில் படபடவென்று கேட்கும்.

சக்தியைக் கூட்ட வழியில்லை. மிச்சம் இருப்பது நேரம் மட்டும். புள்ளியின் நீளத்தைக் கூட்டினால், அதைக் கேட்கத் தேவையான அலைவரிசை அகலம் அதே விகிதத்தில் குறையும். அகலம் குறைந்தால் உள்ளே வரும் இரைச்சலும் குறையும். 0.1 நொடிப் புள்ளியை 60 நொடி ஆக்கினால் இரைச்சல் 600-ல் ஒரு பங்கு. காதுக்குக் கேட்காத சமிக்ஞை, கம்ப்யூட்டர் திரையில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே இந்த மோர்ஸை யாரும் காதால் கேட்பதில்லை. கண்ணால் படிக்கிறார்கள்.

திருப்பதியில் இருந்து கொஞ்ச தூரத்தில், காதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரும் இதே நியாயத்தில்தான் ஓடுகிறது. காற்றில் இருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலிகளை அடுத்தடுத்துக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சல் அமுங்கி உண்மை மேலே வரும்.

சத்தமாக அனுப்புவதை விடக் கூர்மையாகக் கேட்பது மேல் என்ற இந்தப் புத்தி, ரேடியோ பிறப்பதற்கு முன்பே ஒருவருக்கு இருந்தது. பள்ளிக்கூட இயற்பியலில் அவர் பெயரை நீங்கள் வெப்பநிலை அலகாகப் படித்திருப்பீர்கள்.

பத்து வயதில் பல்கலைக்கழகம்

வில்லியம் தாம்சன் பிறந்தது 1824 ஜூன் 26, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். ஆறு வயதில் அம்மா இறந்துவிட்டார். கணித ஆசிரியரான அப்பாவுக்கு கிளாஸ்கோவில் வேலை கிடைத்ததும் குடும்பம் ஸ்காட்லாந்துக்கு மாறியது. பத்து வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவானது. பிறகு கேம்பிரிட்ஜ். 1846-ல், 22 வயதில் கிளாஸ்கோவிலேயே பேராசிரியர். 1899 வரை, 53 வருடம், அந்த நாற்காலியை விடவில்லை.

1848-ல் அவர் முன்வைத்த தனி வெப்பநிலை அளவுதான் இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஆனா அவருக்குச் செல்வமும் சர் பட்டமும் வாங்கிக் கொடுத்தது கடலுக்கு அடியில் கிடந்த கம்பி.

1854-ல் நண்பர் ஸ்டோக்ஸோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் தாம்சன் ஒரு கணக்குப் போட்டார். நீண்ட கடல் கேபிளில் மின்சாரம் சட்டென்று போய்ச் சேராது. ஊற ஊற, இழுபட்டுப் போகும். இந்தத் தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கேபிளின் நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்கு. வேகமாகத் தட்டினால் அந்தப் பக்கம் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும்.

அட்லாண்டிக் கேபிள் கம்பெனியின் மின்சார நிபுணர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. அவர் முன்பு அறுவை சிகிச்சை மருத்துவர். கணக்கு வேறு, நடைமுறை வேறு என்பது அவர் கட்சி. மின்னழுத்தத்தைக் கூட்டித் தள்ளினால் போய்ச் சேரும் என்று நம்பினார். தாம்சன் தடிமனான செம்பு வேண்டும் என்றார். ஆனா மெல்லிய கேபிளுக்கு ஆர்டர் போய்விட்டது.

1858: இரண்டாயிரம் வோல்ட்டில் செத்த கேபிள்

1857-ல் போட்ட கேபிள் நடுவில் அறுந்தது. 1858 ஜூனில் மறுபடி கிளம்பினார்கள். உடல்நிலையைக் காரணம் காட்டி வைட்ஹவுஸ் கரையில் நின்றுவிட்டார். கம்பெனி இயக்குநர்களில் ஒருவராக இருந்த தாம்சன், சம்பளம் வாங்காமல் அகமெம்னான் கப்பலில் ஏறினார். புயலில் கப்பல் கவிழாமல் தப்பியது பெரிய விஷயம். பல முறை அறுந்து, ஒருவழியாக ஆகஸ்ட் 5-ம் தேதி அயர்லாந்தும் நியூஃபவுண்ட்லாந்தும் கம்பியால் இணைந்தன.

தாம்சன் கையோடு கொண்டுபோன கருவி கண்ணாடி கால்வனோமீட்டர். பட்டு இழையில் தொங்கும் பொடிக் கண்ணாடி, அதன் முதுகில் ஒட்டிய குட்டிக் காந்தங்கள். அவ்வளவுதான். கேபிளில் துளி மின்சாரம் வந்தாலும் கண்ணாடி லேசாகத் திரும்பும். விளக்கின் வெளிச்சம் அதில் பட்டு எதிரே உள்ள அளவுகோலில் விழும்போது, அந்தத் துளி அசைவு பெரிய நகர்வாகத் தெரியும். மின்சாரம் முழுசாக ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். ஏற ஆரம்பித்தாலே போதும்.

வைட்ஹவுஸ் தன் ராட்சதச் சுருள்களை வைத்து சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார். அவருடைய சொந்தக் கருவியால் வந்த செய்தியைப் படிக்க முடியவில்லை. தாம்சனின் கண்ணாடியில் படித்துவிட்டு, தன் கருவியில் வந்ததாகக் காட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்து கம்பெனி அவரை நீக்கியது.

அந்த ஆகஸ்டில்தான் விக்டோரியா ராணியின் வாழ்த்துச் செய்தி போனது. 98 வார்த்தைகள், கிட்டத்தட்ட 16 மணி நேரம். ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிடம். திருப்பித் திருப்பிக் கேட்டுச் சரிபார்த்ததும் இதில் சேர்த்தி. இன்றைய கணக்கில் ஒரு புள்ளிக்கு 12 நொடி போட்டு அனுப்பும் க்யூ.ஆர்.எஸ்.எஸ். வேகம் இது.

அந்தக் கேபிள் செய்த உருப்படியான வேலை ஒன்று நம்மோடு சம்பந்தப்பட்டது. 1857 கிளர்ச்சியை அடக்க கனடாவில் இருந்து இரண்டு பிரிட்டிஷ் படைப்பிரிவுகளைக் கப்பலேற்ற உத்தரவு போயிருந்தது. இனித் தேவையில்லை என்று ஆகஸ்ட் 31-ல் கேபிள் வழியே சொன்னார்கள். பயணச் செலவில் ஐம்பதாயிரம் பவுண்டு மிச்சம் என்று கணக்கு. அடுத்த சில நாட்களில் கேபிள் ஊமையானது. 3,50,000 பவுண்டு முதலீட்டில் ஆரம்பித்த கம்பெனிக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. முதலிலேயே குறைகள் இருந்த கேபிள்தான், சந்தேகமில்லை. ஆனா சாவைச் சீக்கிரம் வரவழைத்தது அந்த உயர் மின்னழுத்தம் என்பதே அன்று முதல் பரவலான முடிவு.

விரல்தொப்பி பேட்டரி

1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் தடித்த செம்பு வைத்த புதுக் கேபிளை வெற்றிகரமாகப் போட்டது. முந்தின வருஷம் கடலில் தொலைத்த கேபிளையும் தூக்கி இணைத்தார்கள். நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகம். தாம்சன் சர் ஆனார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரண்டு கேபிளையும் மறுகரையில் ஒன்றாக இணைத்து, போய்த் திரும்பும் 3,700 மைல் பாதையாக்கினார் பொறியாளர் லாட்டிமர் கிளார்க். தையல்காரர்கள் விரலில் மாட்டும் வெள்ளித் தொப்பி ஒன்றில் சில துளி அமிலம் விட்டு பேட்டரி செய்தார். அந்தத் துளி மின்சாரம் அட்லாண்டிக்கை இரண்டு முறை கடந்து வந்து தாம்சனின் கண்ணாடியை அசைத்தது. இரண்டாயிரம் வோல்ட்டால் ஆகாததை ஒரு விரல்தொப்பி செய்தது. இன்று 10.140 மெகாஹெர்ட்ஸ் அருகே சில மில்லிவாட்டில் க்யூ.ஆர்.எஸ்.எஸ். அனுப்பிக் கண்டம் தாண்டுகிறவர்கள் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள்.

சென்னைக் கரையில் மை கொட்டிய கருவி

கண்ணாடியின் வெளிச்சப் புள்ளியை ஒருவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தாகப் பதிவு எதுவும் மிஞ்சாது. அதுக்கு தாம்சன் 1867-ல் சைஃபன் ரெக்கார்டர் என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய், ஓடும் காகித நாடாமேல் மை தெளித்துக்கொண்டே போகும். உரசல் கூடாது என்பதால் குழாய் நாடாவைத் தொடாது. மைக்கு மின்னேற்றம் கொடுத்துத் துளித்துளியாகத் தெறிக்க வைத்தார்.

1870-ல் சூயஸ் வழியாக பம்பாய்க்குக் கேபிள் வந்தது. 1871-ல் மதராஸில் இருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குப் போனது. கிழக்குத் திசைக் கேபிள் நிலையங்களில் பல பத்தாண்டுகள் அந்த நெளியும் மைக்கோடுதான் செய்தி.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபிளில் கோட்டை நீளமாக அனுப்பினால் நேரம் வீண். ஆகவே புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே நீளம். புள்ளிக்கு ஒரு திசை மின்சாரம், கோட்டுக்கு எதிர்த்திசை. நாடாவில் ஒன்று மேலே நெளியும், மற்றது கீழே. இன்றைய மெது மோர்ஸிலும் இதே மாதிரி ஒரு வகை உண்டு. புள்ளிக்கு ஓர் அலைவெண், கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இன்னோர் அலைவெண், இரண்டுக்கும் ஒரே நீளம். கம்ப்யூட்டர் திரையில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்தால் பழைய மதராஸ் நாடா மாதிரியே இருக்கும்.

வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். கேபிளில் மெதுவாகப் போனது கட்டாயம். சமிக்ஞை இழுபட்டதுதான் காரணம். ரேடியோவில் மெதுவாகப் போவது இரைச்சலை ஜெயிக்க நாமே தேர்ந்தெடுப்பது.

தப்பும் செய்தார்

1860-ல் பனிமேல் விளையாடும்போது கால் முறிந்தது. அதன்பின் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். முதல் மனைவி மார்கரெட் 1870-ல் இறந்தார். 1873-ல் பிரேசில் கேபிள் வேலைக்குப் போன கப்பல் மதீரா தீவில் சில நாள் நின்றபோது, அங்கே பிளாண்டி குடும்பத்துப் பெண்களுக்கு விளக்கை மறைத்துத் திறந்து மோர்ஸ் அனுப்பக் கற்றுக்கொடுத்தார். அடுத்த வருஷம் அவர்களில் ஒருவரான ஃபிரான்ஸஸைக் கல்யாணம் செய்தார். கல்யாணம் பேசியதும் விளக்கு மோர்ஸில்தான் என்று ஒரு கதை உண்டு.

1892-ல் பிரபு பட்டம். பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். பூமியின் வயதைச் சில கோடி வருடங்கள் என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டுப் பிடிவாதமாக நின்றார். காற்றை விடக் கனமான விமானம் பறக்கும் என்று நம்பவில்லை. வைட்ஹவுஸைக் கணக்கால் ஜெயித்தவர், புவியியல்காரர்களிடம் அதே கணக்கால் தோற்றார்.

கம்பியில்லாத் தந்தியிலும் ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனா 1898 ஜூனில் வைட் தீவில் இருந்த மார்க்கோனியின் நிலையத்துக்குப் போனார். ஸ்டோக்ஸ் உள்பட நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் காசு கொடுத்தார். காசு வாங்கி அனுப்பிய முதல் ரேடியோ தந்தி என்று அதைச் சொல்வார்கள். பிரிட்டனில் அந்த உரிமை தபால் துறைக்கு மட்டும் என்பதால், அது சட்டத்தைச் சீண்டிய ஷில்லிங்கும்கூட.

1907 டிசம்பர் 17-ல் ஸ்காட்லாந்தின் லார்க்ஸ் ஊரில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் பக்கத்தில் புதைத்தார்கள். ரேடியோக்காரர்கள் இன்று ரிசீவருக்குள் எழும் இரைச்சலைக் கணக்கிடும்போது, வெப்பநிலையை அவர் பெயரிட்ட அலகில்தான் போடுகிறார்கள்.

பாலசமுத்திரத்தில் இந்த நீண்ட அலைகளைத் தேடிப் பார்க்க ஆசைப்படுகிறவர் அக்டோபர், நவம்பரில் உட்கார வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் இடி திரையையே வெள்ளையாக்கிவிடும். ஜனவரி, பிப்ரவரி இரவுகள் தேவலை. கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் எழுந்து படத்தைப் பார்த்தால் போதும்.