பெயரில்லாத கல்லறை

1646இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் லைப்னிஸ் பிறந்தபோது முப்பதாண்டுப் போர் ஓயவில்லை. ஆறு வயதில் தந்தையை இழந்தவர், அவர் விட்டுச்சென்ற நூல்களிலிருந்து தானாகவே இலத்தீன் கற்றார். பிளவுண்ட கிறிஸ்தவ சபைகளை இணைக்க முயன்றார், பலிக்கவில்லை.

நிலைத்தது ஒரு சிந்தனை: ஒன்றுக்குப் பொருந்துவதெல்லாம் மற்றதற்கும் பொருந்தினால் இரண்டும் ஒன்றே. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று அலைந்த கல்முனை மக்களுக்கு இதன் அருமை புரியும். ஹாஸ்கெல் கணினி மொழியில் இரு தரவு வகைகள் ஒன்றே என்று நிறுவவும் இந்த வழி உண்டு. முதல் வகை நிற்கும் எந்த அமைப்பிலும் இரண்டாவதை மாற்றி வைக்கும் சார்பு ஒன்றை எழுதிவிட்டால், அதுவே சாட்சி.

1716இல் ஹனோவரில் இறந்தார். அரசவையிலிருந்து எவரும் வரவில்லை. 50 ஆண்டுகளுக்கு மேலாக அவர் கல்லறையில் பெயர்கூட இருக்கவில்லை.