தொழில் மேதை ஜி. டி. நாயுடு

சேலமும் நாமக்கல்லும் அடங்கிய சமவெளி ஊர்திகள் மலிந்த நிலமாகும். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பல உள்ளன. வெறும் அடிச்சட்டமாக வந்து நிற்கும் வண்டி, தச்சர், கொல்லர், பற்றவைப்பவர், வண்ணம் தீட்டுவோர் ஆகியோரின் கைபட்டு முழு லாரியாக உருப்பெற்றுச் செல்கின்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்றது. இத்தகைய நிலத்தில் வளரும் சிறுவர்க்கு ஊர்திகள்மீது விருப்பம் உண்டாவது இயல்பே.

ஆயினும் விருப்பம் வேறு, தொழில் வேறு. வண்டியில் ஏறி விரைந்து செல்ல விழைவோர் பலர். அதன் அடியிற் படுத்து, எண்ணெயும் கரியும் படிந்த கைகளோடு பழுது தேட விழைவோர் சிலரே. வண்டியின்மீது கொண்ட விருப்பத்தை வாழ்க்கைத் தொழிலாக்கிக் கொள்ளலாமா என்னும் வினா இளைஞர் பலருடைய உள்ளத்தில் எழுகின்றது. இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஒருவர் உண்டு. சேலத்திலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் உள்ள கோவையே அவர் பணியாற்றிய இடம். அவரே கோபாலசாமி துரைசாமி நாயுடு என்னும் ஜி. டி. நாயுடு ஆவார்.

நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. ஆகவே, தொடக்கக் கல்வியோடு அவருடைய படிப்பு நின்றது. தந்தையின் நிலத்தில் உழவு வேலை செய்துவந்தார். ஏரும் எருதும் கமலையுமே அக்காலத்துச் சிற்றூர்க்குத் தெரிந்த கருவிகள். அவ்வாறே வாழ்ந்திருந்தால் அவரும் நல்லதோர் உழவராக வாழ்ந்து முடிந்திருப்பார்.

இருபது வயது அளவில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். நிலவரித் துறையைச் சேர்ந்த ஆங்கில அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எருதும் குதிரையும் இழுக்காமல், தானே இயங்கும் இருசக்கர வண்டி அது. ரட்ஜ் என்னும் ஆங்கில நிறுவனம் செய்தது. அவ்வண்டியைக் கண்டு ஊரார் வியந்தனர்; பின்னர்த் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றனர். இளைஞர் துரைசாமியோ அதனை மறக்கவில்லை. அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் பெறவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

எண்ணம் எளிது, பொருள் அரிது. அவ்வண்டியின் விலை சில நூறு ரூபாய். அக்காலத்தில் உழவர் வீட்டு இளைஞர்க்கு அது பெருந்தொகை. நாயுடு யாரிடமும் கையேந்தவில்லை. கோவை நகருக்குச் சென்றார். அங்கே உணவு விடுதி ஒன்றில் உணவு பரிமாறும் பணியில் அமர்ந்தார். மூன்று ஆண்டுகள் அவ்வேலையைச் செய்து, ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஒரு நாள் தோன்றி மறுநாள் மறையும் ஆசையாயின், எச்சில் இலை எடுக்கும் இடத்தில் மூன்று ஆண்டுகள் நிலைத்திருக்குமா? அவருடைய விருப்பத்திற்கு நேர்ந்த முதல் தேர்வு அதுவே. அதில் அவர் வென்றார். சேர்த்த பணத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊர் சுற்றி வருவதே பிறர் செய்யும் செயல். நாயுடு அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பெட்ரோலும் காற்றும் கலப்பது எங்கே, அக்கலவை தீப்பற்றுவது எவ்வாறு, அவ்விசையால் பிஸ்டன் தள்ளப்பட்டுச் சக்கரம் சுழல்வது எங்ஙனம் என்பனவற்றைத் தம் கையாலேயே கற்றார். கழற்றிய உறுப்புகளை மீண்டும் உரிய இடத்திற் பொருத்தி வண்டியை இயக்கினார். கழற்றுதல் எவர்க்கும் கைகூடும். ஒரு திருகாணியும் மிஞ்சாமல் மீண்டும் பூட்டுதலே அறிவின் அடையாளம். இவ்வாறு கற்ற கல்வியே அவரை மோட்டார்ப் பழுது பார்க்கும் தொழிலாளர் ஆக்கியது.

ஆனால் அவர் வாழ்க்கை நேர்வழியாகச் செல்லவில்லை. கொங்கு நாடு பருத்தி விளையும் நாடு. பருத்தி வாணிகத்தில் விரைவிற் பெரும்பொருள் திரட்டலாம் என்னும் எண்ணம் அவரை ஈர்த்தது. அவ்வாணிகத்தில் இறங்கிய நாயுடு, முதலிற் பொருள் ஈட்டினார். பின்னர்ப் பம்பாய்ச் சந்தையில் அதனை இழந்து ஊர் திரும்பினார். கையில் இருந்த செல்வம் போயிற்று. கைத்தொழில் மட்டும் போகவில்லை. சந்தையின் ஏற்ற இறக்கத்தால் பொருள் அழியும். கற்ற தொழிலை அந்த ஏற்ற இறக்கம் அழிப்பதில்லை. நாயுடு மீண்டும் பொறிகளை நாடினார்.

அந்நாளில் கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபர் இருந்தார். அவருடைய உதவியைக் கொண்டு நாயுடு 1920ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். வழியில் வண்டி நின்றுவிட்டால் பயணிகள் துன்புறுவர். அன்றைய வருவாயும் கெடும். பழுதைத் தாமே கண்டு தாமே நீக்க வல்ல ஒருவர்க்கு அவ்வச்சம் பெரிதன்று. பட்டறையிற் கற்ற தொழில் இங்கே வாணிகத்திற்கு முதலாக நின்றது. ஒரு பேருந்து பலவாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்னும் அவருடைய நிறுவனம், சில ஆண்டுகளில் இருநூறுக்கு மேற்பட்ட பேருந்துகளை உடையதாயிற்று. நேரந் தவறாமையும் வண்டிகளைச் செவ்வையாகப் பேணுதலும் அந்நிறுவனத்திற்குப் புகழ் தேடித் தந்தன.

ஊர்தியில் தொடங்கிய ஆர்வம் பிற பொறிகளிலும் படர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் நிறைவுற்றது. மின்சாரம் வந்தது; அதனைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் மோட்டாரோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் முயன்றதன் பயனாக, 1937ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவைப் பீளமேட்டில் உருவாயிற்று. எருதுகள் கமலை இழுத்த நிலம், மின்விசையால் நீர் பெறும் காலம் நெருங்கியது. உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி முதலியனவும் நாயுடு ஆக்கிய பொருள்களாகும். இவற்றால் அவரை இந்தியாவின் எடிசன் என்று மக்கள் பாராட்டினர்.

எல்லா முயற்சிகளும் அவருக்கு வெற்றியாக முடியவில்லை. எளியோரும் வாங்கத்தக்கதாக, இருவர் அமரும் சிறு கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் தர அவர் திட்டமிட்டார். 1952ஆம் ஆண்டில் அக்கார் உருவாயிற்று. ஆயின், அதனைப் பெருமளவிற் செய்தற்கு வேண்டிய அரசு உரிமம் கிடைக்கவில்லை; முயற்சி அத்துடன் நின்றது. திறமை இருந்தும் கைகூடாத செயல்கள் உலகில் உண்டு. விரும்பிய தொழிலில் இறங்குவோர் இதனையும் அறிந்தே இறங்குதல் வேண்டும். அத்தோல்வியால் நாயுடு பொறிகளின்மீது கொண்ட அன்பு சிறிதும் குறையவில்லை.

பள்ளியை வெறுத்துச் சென்றவர் பின்னாளிற் கல்விக்கூடம் அமைக்கப் பொருளுதவி செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1945ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் அந்நாளைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தோன்றியது. நாயுடுவே அதன் முதல்வராகவும் பணியாற்றினார். பொறியியற் கல்வியைக் குறைந்த காலத்திற் கற்பிக்க இயலும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்காமையால் அவர் பதவியினின்று விலகினார். அந்நிலையம் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. தாம் தட்டுத் தடுமாறிக் கற்ற தொழிலைப் பின்வருவோர் முறையாகக் கற்கவேண்டும் என்னும் பரிவே இக்கொடைக்கு அடிப்படை எனலாம்.

நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். கோவை அவினாசிச் சாலையில் உள்ள அருங்காட்சியகம் அவருடைய பணிகளைக் காட்டி நிற்கின்றது. அச்சாலையின்மேல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைந்து, 2025ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. உணவு விடுதியிற் பணி செய்து மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞரின் பெயரைத் தாங்கிய பாலத்தின்மேல் இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. சேலத்திலும் நாமக்கல்லிலும் இருந்து கோவைக்கு வரும் வண்டிகளும் அவற்றுள் உண்டு.

ஊர்தியின்மீது விருப்பம் கொண்ட மாணவர் இவர் வாழ்க்கையைத் தமக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். வண்டியில் ஏறிச் செல்லுதல் மட்டும் இனிக்கின்றதா, அதனைக் கழற்றிப் பூட்டும் உழைப்பும் இனிக்கின்றதா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். உழைப்பும் இனிக்குமாயின், அவ்விருப்பத்தை நம்பித் தொழிலாக மேற்கொள்ளலாம். கறை படிந்த கை இழிவன்று. அக்கையே நாயுடுவை உயர்த்தியது, நாட்டுக்கும் பயன்பட்டது.