எடுத்த பணியை முடித்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கரின் அறிவாற்றலைப் போற்றாதார் இலர். ஆயினும் அவ்வாற்றலுக்குப் பயன் விளைவித்தது எது என ஆராயின், எடுத்த பணியை முடிக்காமல் விடாத கடமையுணர்ச்சியே என்பதை நாம் உணர்வோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் பிறந்த அவர், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916இல் இலண்டனில் பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். மறு ஆண்டே உதவித்தொகை முடிவுற்றது. படிப்பு பாதியில் நின்றது. பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தீண்டாமைக் கொடுமையால் அந்நகரில் தங்க ஓர் இடமும் கிட்டவில்லை.

பிறராயின் இலண்டனை மறந்திருப்பர். அவரோ பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் கடனும் பெற்று, 1920இல் மீண்டும் கப்பலேறினார். ரூபாயின் சிக்கல் குறித்த அவருடைய ஆய்வேட்டைத் திருத்தித் தருமாறு தேர்வாளர்கள் பணித்தனர். மனந்தளராது திருத்தியளித்து, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் வெளிநாட்டில் பயின்ற காலத்தில் இங்கே வறுமையைச் சுமந்தவர் துணைவியார் இரமாபாய் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அரசியலமைப்பு வரைவுக்குழு அமைந்தது. உறுப்பினர் எழுவர். ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், வேறு சிலர் பிற அலுவல்களாலும் உடல்நலக்குறைவாலும் முழுமையாகப் பங்கேற்க இயலவில்லை. பெரும்பளு அண்ணலின் தோள்மீதே விழுந்ததென, டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948இல் அவையில் எடுத்துரைத்தார். நீரிழிவு நோய் வருத்தியபோதும் அண்ணல் ஓயவில்லை. அவையில் முன்மொழியப்பட்ட 2,473 திருத்தங்களும் ஆராயப்பட்டன. 395 பிரிவுகள் கொண்ட சாசனம் 1949 நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பெற்றது. பின்னர், உடல் நலிந்த நிலையிலும் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலை எழுதினார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். நூல் 1957இல் வெளிவந்தது.

இளைஞர்களே! பேரறிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பொறுப்புணர்ச்சியோ நாடோறும் பழகினால் எவர்க்கும் கைவரும். வறுமையாலும் இழிவுபடுத்தலாலும் படிப்பை இடையில் விட்டோர் நம்மிடையே பலர். அது அவர்தம் குற்றமன்று. ஆனால் நின்றுபோன படிப்பு முடிந்துபோன படிப்பு அன்று என்பதை அண்ணலின் வாழ்வு காட்டுகிறது. அவர்களை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வருவதே இவ்வெள்ளிவிழாவில் நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.